லிஃப்ட் காட்சியில் யாருமே பயப்படலை: டென்ஷன் எங்கே ஒழுகுது?

செம்பூர்வாசி:

மும்பையில் எடுக்கிற தமிழ்க் குறும்படம், மொத்தம் ஒன்பது நிமிஷம். நடுவில் வரும் ஒரு காட்சிதான் சிக்கல். டைம்லைனில் இப்போ 2 நிமிஷம் 40 செகண்ட் இருக்கு.

இடம் ஒரு பழைய அஞ்சு மாடி பில்டிங். கையால் இழுத்து மூடுற கிரில் கதவு லிஃப்ட், அதைச் சுத்தியே ஏறுற படிக்கட்டு. நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்ற பெண் மூணாவது மாடிக்குப் போகணும். லிஃப்ட் கீழே இல்லை. மேலேயிருந்து லிஃப்டோட அந்த அறிவிப்புக் குரல் விடாம கேக்குது, மும்பைக்காரங்களுக்கு விளக்கவே வேண்டாம்: "கிருபயா தர்வாஜா பந்த் கீஜியே" (தயவுசெஞ்சு கதவை மூடுங்க). அஞ்சாவது மாடியில யாரோ கதவைத் திறந்துபோட்டுப் போயிருக்காங்க. ஆனா அஞ்சாவது மாடி வீடு பூட்டிக் கிடக்கு. அவ படியேறி வீட்டு வாசலுக்கு வந்து, பையில சாவியைத் துழாவுறா. பின்னாலிருந்து ஒரு கை.

மொத்தம் 41 ஷாட். முதல் ஃப்ரேம்லயிருந்தே அடியில ஒரு ட்ரோன் (ஒரே சுருதியில நீளமா இழுக்கிற தாழ்ந்த ஒலி) ஓடுது. கை வரும்போது பெரிய சத்தம். போட்டுக் காட்டினதுல, கை வந்தப்போ லேசா திடுக்கிட்டாங்க, உடனே சிரிச்சுட்டாங்க. அதுக்கு முந்தின ரெண்டரை நிமிஷம் யாரும் நிமிர்ந்துகூட உக்காரலை.

ரீஷூட்டுக்கு ஒரு ராத்திரி கிடைக்கும். அதே லொக்கேஷன், அதே நடிகை. மிரர்லெஸ் கேமரா, 24, 35, 85 எம்எம் லென்ஸ். யூடியூப்லதான் போடப் போறோம், முக்கால்வாசிப் பேர் போன்ல பாப்பாங்க. எதை மாத்தணும்?

கட்டிங்சாய்:

பாஸ், 160 செகண்டுக்கு 41 ஷாட்னா சராசரி நாலு செகண்ட்கூட வரலை. வேகமா வெட்டினா பதட்டம் தானா வரும்னு ஒரு நம்பிக்கை சுத்திக்கிட்டிருக்கு. தாக்குதலுக்கு அது சரி, காத்திருப்புக்கு ஆகாது. ஹிட்ச்காக்கோட சைக்கோ (1960) குளியலறைக் காட்சின்னாலே 78 கேமரா செட்டப், 52 கட்னு கணக்கு சொல்லுவாங்க. அந்த வெட்டுல பெரும்பாலானது கத்தி ஓங்கின பிறகு வர்றது. அதுக்கு முன்னாடி இசையே கிடையாது, தண்ணிச் சத்தம் மட்டும்தான். திரைக்குப் பின்னால கதவு திறக்குது, ஒரு உருவம் நெருங்குது. நாம பாக்குறோம், அவ பாக்கலை. வயித்தைப் பிசையறது அந்தச் சில செகண்ட்தான்.

ஆனா ஷாட் எண்ணிக்கை ரெண்டாம் பட்சம். அந்தந்த நொடியில பாக்குறவனுக்கு என்ன தெரிஞ்சிருக்கு? அதை முதல்ல சரிபண்ணணும். ஹிட்ச்காக் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோகிட்ட சொன்ன மேஜை வெடிகுண்டுக் கணக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்: குண்டு இருக்கிறதைச் சொல்லாம வெடிக்கவிட்டா பதினஞ்சு செகண்ட் அதிர்ச்சி, முன்னாடியே காட்டிட்டா பதினஞ்சு நிமிஷம் தவிப்பு. உங்க காட்சியில கை வர்ற வரைக்கும் குண்டே இல்லை. ஒரு பொண்ணு படியேறுறா, அவ்வளவுதான்.

குண்டு உங்க பில்டிங்லயே இருக்கு, அதான் அந்தக் குரல். அதை நீங்க பின்னணிச் சத்தமா மட்டும் விட்டுட்டீங்க. அந்த லிஃப்டுக்குன்னு ஒரு விதி இருக்கு பாருங்க. கதவு திறந்திருந்தா லிஃப்ட் நகராது, குரல் ஓயாது. குரல் நின்னா, யாரோ கதவை மூடிட்டாங்கன்னு அர்த்தம். மும்பையில வளர்ந்த குழந்தைக்கே தெரியும். சென்னையிலயோ மதுரையிலயோ போன்ல பாக்குறவருக்கு அது ஏதோ இந்தி அறிவிப்பு. அதனால படத்தோட முதல் ரெண்டு நிமிஷத்துக்குள்ள, பகல்ல, எந்தப் பயமும் இல்லாத ஒரு காட்சியில அந்த விதியை விதைச்சுடுங்க. குரல் கத்துது, ரெண்டாவது மாடி மாமி கீழே எட்டிப் பாத்து "யாருப்பா அது, கதவைச் சாத்துங்கோ"ன்னு சத்தம் போடுறாங்க, ஒரு பையன் ஓடிவந்து கிரிலை இழுத்துச் சாத்துறான், குரல் பாதி வார்த்தையில வெட்டுப்படுது, மோட்டார் ஓடுது. எட்டு செகண்ட் போதும். பாடம் எடுக்கிற மாதிரி இருக்கக் கூடாது. மாமியையும் கதாநாயகியையும் அறிமுகப்படுத்துற காட்சி அதுன்னு நினைச்சுக்கிட்டே பாக்கணும்.

இப்போ ராத்திரிக் காட்சி. அவ உள்ளே நுழையுறா, குரல் மேலே ஓடுது. ஒரு நிமிஷம் ஒண்ணுமே நடக்க வேண்டாம். அலுப்பா ஏறட்டும், செருப்புச் சத்தம் கேக்கட்டும், போன்ல ஒரு மெசேஜ் பாக்கட்டும். ரெண்டாவது மாடித் திருப்பத்துல "தர்வாஜா பந்த் கீ..."ன்னு குரல் நடுவுல நிக்கணும். மூடிட்டாங்க. யார்? அவ நின்னுடுறா. மூணு, நாலு செகண்ட் முழு அமைதி. அப்புறம் மோட்டார். லிஃப்ட் கீழே வருது, அவ இன்னும் ஒரு மாடி ஏறியாகணும். இப்போ பாக்குறவன் மனசுல தெளிவான ஒரு கேள்வி இருக்கு: அது மூணாவது மாடியைத் தாண்டுறதுக்குள்ள இவ வீட்டுக்குள்ள போயிடுவாளா? கேள்வி இப்படி இருக்கணும், பதில் எப்போ வரும்னு கிட்டத்தட்ட தெரியவும் தெரியணும். "ஏதோ நடக்கப் போகுது"ங்கிற மொட்டையான கேள்வி முப்பது செகண்ட்கூடத் தாங்காது.

அந்த மாதிரி லிஃப்ட் மாடிக்கு அஞ்சாறு செகண்ட் எடுக்கும். உங்களோடதை ஸ்டாப்வாட்ச் வெச்சு அளந்துக்கோங்க. அஞ்சுலயிருந்து மூணுக்கு வர நிஜத்துல பத்துப் பன்னெண்டு செகண்ட். எடிட்ல அதை இருபத்தஞ்சு வரைக்கும் இழுக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. ஒவ்வொரு தடவை அவகிட்டேர்ந்து லிஃப்டுக்கு வெட்டும்போதும் அது முன்னாடி நின்ன இடத்துக்கு அரை மாடி மேலேயிருந்து ஆரம்பிங்க. ஒரு மாடி மேலே போனா கண்டுபிடிச்சுடுவாங்க.

இந்த அமைப்புக்குப் பதினாறு, பதினெட்டு ஷாட் தாராளம். முதல் நிமிஷத்துக்கு நாலு ஷாட், பந்தயத்துக்கு எட்டு, மிச்சம் கடைசிக்கு. சாவி துழாவுறதைத் தூக்கிடுங்க. அம்பது வருஷமா எல்லாப் பேய்ப்படத்துலயும் சாவி கீழே விழுந்துக்கிட்டேதான் இருக்கு.

பூம்மைக்:

நண்பர் சொன்ன அமைப்பு சரியானது. ஒலிப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ட்ரோனை முழுக்க அழித்துவிடுங்கள். முதல் ஃப்ரேமிலேயே "பயப்படு" என்று சொல்லிவிட்டால் அதன்பின் சொல்ல ஒன்றும் மிச்சமிருக்காது. மாறாமல் ஓடும் ஒலியைக் காது அரை நிமிஷத்தில் ஒதுக்கித் தள்ளிவிடும். சீரியலில் மாமியார் முகத்துக்கு வரும் 'டொய்ங்' யாரையாவது பயமுறுத்தியிருக்கிறதா? இன்னொன்று, போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் வராது. ஸ்டூடியோ மானிட்டரில் வயிற்றை அதிரவைக்கும் 40 ஹெர்ட்ஸ் ட்ரோன் போனில் வெறும் காற்று. கீழ் ஒலி கட்டாயம் வேண்டும் என்றால் லேசாக சாச்சுரேஷன் (ஒலியைச் சற்றே சிதைக்கும் எஃபெக்ட்) கொடுத்து, மேலே 300, 400 ஹெர்ட்ஸில் அதன் ஹார்மானிக்ஸ் (மடங்கு அதிர்வுகள்) கேட்கும்படி செய்யுங்கள்.

இசை போடுவதென்றால் அதற்கும் ஒரு விதி தேவை. ஜாஸ் (1975) படத்தில் இரண்டு சுர இசை வந்தால் சுறா வருகிறது என்று பார்வையாளரைப் பழக்குகிறார்கள். பையன்கள் அட்டைத் துடுப்பை வைத்து ஊரை ஏமாற்றும் இடத்தில் அந்த இசை இல்லை, ஏனென்றால் சுறாவும் இல்லை. கவனிக்காதவர்கள் மனதிலும் அந்த ஒப்பந்தம் பதிந்துவிடுகிறது. பிற்பாடு படகின் பின்னால் இரை வீசிக்கொண்டிருக்கும்போது இசையே இல்லாமல் சுறா தலை தூக்குகிறது, ஒப்பந்தம் உடைகிறது. உங்கள் படத்தில் இந்த வேலையை லிஃப்ட் குரலே செய்யும். தனியாக இசை தேவையா என்பதை எல்லாம் முடிந்தபின் யோசியுங்கள்.

ட்ரோனுக்குப் பதில் செய்ய வேண்டியது கழித்தல். தொடக்கத்தில் ஐந்து ஒலி அடுக்குகள் இருக்கட்டும்: ட்யூப்லைட் சோக் ரீங்காரம், மொட்டைமாடித் தண்ணீர் மோட்டார், வாட்ச்மேன் ரேடியோ, தூரத்து ரோடு, லிஃப்ட் குரல். முதல் மாடியில் ரேடியோ போகட்டும். ஒன்றரை மாடியில் தண்ணீர் மோட்டார் நிற்கட்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பன்னிரண்டு, பதினைந்து செகண்ட் இடைவெளி. ரோடு சத்தம் மட்டும் வெட்டுப்படாமல் மெல்ல மெல்லத் தேயட்டும். என்ன மாறியது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் காது தானாகக் கூர்மையாகிவிடும். அந்த நிலையில் குரல் நிற்கும்போது மிஞ்சுவது சோக் ரீங்காரமும் அவள் மூச்சும் மட்டுமே.

அமைதி என்றால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ட்ராக்கை முழுக்க மௌனமாக்கினால் போனில் பார்ப்பவர் நெட் போய்விட்டது என்று நினைத்துத் திரையைத் தட்டுவார். அந்தப் படிக்கட்டின் ரூம் டோன் (யாரும் பேசாதபோதும் அந்த இடத்தில் இருக்கும் மெல்லிய ஒலி) எப்போதும் அடியில் ஓட வேண்டும். எல்லோரும் அசையாமல் நிற்க, ஒவ்வொரு மாடியிலும் இரண்டு நிமிஷம் பதிவு செய்யுங்கள். கீழ்த்தளத்துக்கும் நான்காவது மாடிக்கும் எதிரொலி ஒரே மாதிரி இருக்காது.

குரலை ஒரே இடத்தில் பதிவு செய்து வால்யூமைக் கூட்டிக் குறைத்து ஒப்பேற்ற வேண்டாம். லிஃப்டை ஐந்தாவது மாடியில் திறந்து நிறுத்திவிட்டு, கீழ்த்தளம், முதல் மாடி, இரண்டாவது மாடி என்று மைக்கை நகர்த்தித் தனித்தனியாகப் பிடியுங்கள். ஷாஃப்ட் (லிஃப்ட் ஓடும் செங்குத்துப் பாதை) வழியே வரும்போது குரல் எப்படி நசுங்கி வருகிறது என்பதை எந்த ப்ளக்-இன்னாலும் சரியாகக் கொண்டுவர முடியாது. இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவிலான இடைவெளியை எடிட்டில் சுருக்கவோ நீட்டவோ வேண்டாம். அது கடிகாரம் மாதிரி ஒழுங்காக ஓடினால்தான், நின்றது சட்டென்று உறைக்கும்.

அந்தப் பெரிய சத்தத்துக்கு வருவோம். திடுக்கிடல் ஒரு அனிச்சைச் செயல். சத்தம் எவ்வளவு பெரிதோ அதைவிட எவ்வளவு சடாரென்று உச்சத்துக்கு ஏறுகிறது என்பது முக்கியம். மெல்ல வீங்கி வரும் சத்தத்துக்கு யாரும் துள்ள மாட்டார்கள். பலர் கவனிக்காத இன்னொன்று: பெரிய சத்தத்துக்குச் சுமார் 30 முதல் 300 மில்லி செகண்டுக்கு முன்னால் ஒரு சின்னச் சத்தம் வந்துவிட்டால் துள்ளல் குறைந்துவிடும். ஆய்வகங்களில் பலமுறை உறுதியான விஷயம் இது. 24 ஃப்ரேம் கணக்கில் ஒரு ஃப்ரேம் ஏறத்தாழ 42 மில்லி செகண்ட், அதாவது அடிக்கு முந்தின ஏழெட்டு ஃப்ரேமில் துணி உரசல், காலடி, சாவிக் கிணுகிணு எதுவும் இருக்கக் கூடாது. உங்கள் எடிட்டில் கை நுழையும்போது சட்டை உரசும் ஃபோலி (பிறகு சேர்த்த ஒலி) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அடி பாதியாகிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

யூடியூபில் ஒலி அளவு மைனஸ் 14 லஃப்ஸை (LUFS, சராசரி ஒலி அளவின் அலகு) ஒட்டிச் சமன் செய்யப்படும். அதற்கு மேல் ஏற்றிக் கொடுத்தால் மொத்தப் படத்தையும் இறக்கிவிடும், உச்சம் மட்டும் தனியாகப் பெரிதாகக் கேட்காது. அமைதிக்கும் அடிக்கும் நடுவில் 15, 20 டெசிபல் வித்தியாசம் இருந்தால் போதும், அதற்கு அமைதியைத் தாழ்த்துங்கள்.

விதிப்படி:

லிஃப்ட் விஷயத்துல ஒரு ஓட்டை இருக்கு, அடைச்சுடுங்க. குரல் நின்னதும் லிஃப்ட் கீழே வருதுன்னா உள்ளே ஆள் இருக்கணும்னு இல்லை. அஞ்சாவது மாடியில வெளியே நின்னு கதவைச் சாத்திட்டு, கீழ்த்தளத்துல வேற யாராவது பட்டனை அழுத்தினாலும் வரும். கூர்ந்து பாக்குறவங்க இதைக் கேப்பாங்க.

ஆனா இதையே சாதகமா மாத்தலாம். அவளைத் தாண்டிப் போகும்போது லிஃப்ட் காலியா இருக்கட்டும், விளக்கு மட்டும் எரியட்டும். அவளும் நாமளும் மூச்சு விடுறோம். கீழே போய் நிக்குது. இப்போ குரல் கீழேயிருந்து ஆரம்பிக்குது: "கிருபயா தர்வாஜா பந்த் கீஜியே." கிரில் கதவு தானா திறக்காது, கை வெச்சு இழுத்தாத்தான் திறக்கும். லிஃப்ட் காலியா போனதை நாம கண்ணால பாத்தோம். கீழே யார் திறந்தா?

நிழல்வெளி:

விதிப்படி சொன்னதுதான் க்ளைமாக்ஸ், அதை விட்டுடாதீங்க. கேமராவுக்கு வர்றேன்.

ஷாஃப்ட் எப்பவும் ஃப்ரேம்ல இருக்கணும். அவளை இடப்பக்க மூணுல ஒரு பங்குல வெச்சு, வலப்பக்கம் முழுக்க கிரிலும் இருட்டும். மாடிக்கு மாடி இதே கம்போஸிஷன். மூணாவது தடவை வரும்போது பாக்குறவங்க கண்ணு அவளை விட்டுட்டு அந்தக் காலி இடத்தைத் தேட ஆரம்பிச்சுடும். அங்கே ஒண்ணுமே வைக்காதீங்க. எக்ஸார்சிஸ்ட் படத்தோட மூணாம் பாகத்துல (1990) ஒரு ஆஸ்பத்திரி நடைபாதைக் காட்சி இருக்கு. தூரத்துல ஸ்டாண்ட் போட்டு நிறுத்தின கேமரா நகரவே நகராது. நர்ஸ் போறா, வர்றா, காவலர் வர்றார், போறார். நடுவுல ஒரு பொய்யான பயம், கிளாஸ்ல ஐஸ் விரியுற சத்தம். மறுபடி அதே நடைபாதை. அவ கதவைப் பூட்டித் திரும்பி நடக்கும்போது பின்னாலயே வெள்ளைத் துணி போர்த்தின உருவம், அந்த நொடியில மட்டும் ஒரு ஸூம். அத்தனை நேரம் அசையாம இருந்ததாலதான் அந்த ஸூமுக்கு அவ்வளவு பலம்.

ஹிட்ச்காக்கோட 'தி பேர்ட்ஸ்' (பறவைகள், 1963) படத்துல பள்ளிக்கூட வாசல் காட்சியும் உங்களுக்கு நேரடியா உதவும். கதாநாயகி பெஞ்சுல உக்காந்து சிகரெட் பிடிக்கிறா, பின்னால கம்பி ஏணியில காக்கா ஒண்ணு, அப்புறம் நாலஞ்சு. அவளைக் காட்டுற ஷாட் ஒண்ணை வேணும்னே நீட்டுவாங்க, அந்த நேரம் பின்னால என்ன ஆகுதுன்னு காட்டவே மாட்டாங்க. அவ ஒரு காக்காவை வானத்துல பாத்து, கண்ணாலயே தொடர்ந்து போறா, அது போய் உக்காரும்போது ஏணி முழுக்கக் கறுப்பு. உள்ளே குழந்தைங்க பாடுற பாட்டைத் தவிர இசை கிடையாது. உங்க பந்தயத்துலயும் ஒரு தடவை லிஃப்டுக்கு வெட்டாம அவ முகத்துலயே எட்டு செகண்ட் நில்லுங்க. லிஃப்ட் எங்கே வந்திருக்கும்னு பாக்குறவங்களே கணக்குப் போடட்டும்.

லிஃப்ட் கிளம்பினதும் முதல்ல அசையறது ரோப்தான். பெட்டி கண்ணுக்குத் தெரிய ரெண்டு மாடி இறங்கணும், ரோப் அந்த நொடியே ஓட ஆரம்பிச்சுடும். ரெண்டாவது மாடித் திருப்பத்துல அவ தோளுக்குப் பின்னால ஃபோகஸ் இல்லாம கிரிஸ் பூசின ரோப் ஓடுறது தெரியட்டும். ஃபோகஸை அதுக்கு மாத்தாதீங்க, மாத்தினா விரல் நீட்டிச் சொல்ற மாதிரி ஆயிடும். அவ ரெண்டாவது மாடியில நின்னா, பெட்டி மூணாவது மாடியை எட்டுற சமயத்துல கவுன்டர்வெயிட் (ரோப்போட மறுமுனையில தொங்குற எடை) கீழேயிருந்து அவளைத் தாண்டி மேலே போகும். பெட்டி மேலேயிருந்து வரும்னு நினைச்சுக்கிட்டிருக்கும்போது கறுப்பா ஒரு பாளம் கீழேயிருந்து எழும்புது. இதுக்கு ஒரு காசும் செலவில்லை, நிஜமும்கூட. உங்க ஷாஃப்ட்ல கவுன்டர்வெயிட் எந்தப் பக்கம் ஓடுதுன்னு முன்னாடியே போய்ப் பாத்துட்டு, அதுக்கேத்த மாதிரி அவளை நிறுத்துங்க.

லென்ஸ் 35 பெரும்பாலானதுக்குப் போதும். 24-ஐ ஷாஃப்ட்லயிருந்து மேல்நோக்கிப் பாக்குற ஒரே ஷாட்டுக்கு வைங்க. கிரில் ஓட்டை வழியா லென்ஸையோ கையையோ உள்ளே நீட்டாதீங்க, கேமராவைக் கிரிலுக்கு வெளியில ஒட்டினாப்ல வெச்சா கம்பி மங்கிப்போயிடும், அது போதும். 85 முகத்துக்கு, குரல் நிக்கிற நொடிக்கு மட்டும். ஜிம்பல் (கேமரா குலுங்காமப் பிடிக்கிற கருவி) இருந்தா ஜாக்கிரதை. முதுகுக்குப் பின்னால மிதந்துக்கிட்டே போற கேமராவைப் பாத்தா யாரோ தொடர்றாங்கன்னு அர்த்தம் எடுத்துக்குவாங்க. யாரும் தொடரலைன்னா அது பொய்யாகும்.

வெளிச்சம்: படிக்கட்டு ட்யூப்லைட்டையே முக்கிய வெளிச்சமா வெச்சுக்குங்க, நாலாவது மாடியில மட்டும் அணைச்சுடுங்க. பழைய சோக் லைட் இருந்தா ஷட்டர் 1/50 வைங்க. ஷட்டரை டிகிரிக் கணக்குல வைக்கிற கேமரான்னா 24 ஃப்ரேமுக்கு 172.8 டிகிரி. 180-ல விட்டா நம்ம 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டுக்கு ஃப்ளிக்கர் (வெளிச்சத் துடிப்பு) வரலாம், பேய்ப்படத்துல வேணும்னு பண்ணினதுன்னு நினைச்சுத் தப்பா அர்த்தம் எடுத்துக்குவாங்க. முகம் சரியான எக்ஸ்போஷருக்கு ஒண்ணரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் இறங்கினா வெளிச்சம் பாதி) கீழே, பின்னணி மூணு ஸ்டாப் கீழே. அதுக்கும் கீழே போகாதீங்க. யூடியூப் கம்ப்ரெஷன்ல இருட்டு கட்டம் கட்டமா உடைஞ்சுபோகும். லேசா க்ரெய்ன் (பொடிப்புள்ளி) சேர்த்து, 10 பிட்ல எக்ஸ்போர்ட் பண்ணி, 1080-ல எடுத்திருந்தாலும் 4கே-வா ஏத்துங்க, பிட்ரேட் கூடுதலாக் கிடைக்கும்.

செம்பூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. ரெண்டு சந்தேகம். கடைசிக் கையை எடுத்தே ஆகணுமா? தயாரிப்பாளர் ட்ரெய்லருக்கு அது வேணும்னு நிக்கிறார். அப்புறம், நடிகை மேடைநாடகத்துலேர்ந்து வந்தவங்க. முகத்துல பயம் அதிகமா வருது, எப்படிக் குறைக்கிறது?

கட்டிங்சாய்:

கை இருக்கட்டும், இடத்தை மாத்துங்க. அவங்க சிரிச்சது தப்பில்லை, திடுக்கிட்ட பிறகு சிரிப்பு வர்றது இயல்பு. காட்சி அந்தச் சிரிப்போட முடிஞ்சுபோகுதே, அங்கேதான் வலுவிழக்குது. கையை நடுவுக்குக் கொண்டு வாங்க. ரெண்டாவது மாடியில, குரல் நிக்கிறதுக்கு இருபது செகண்ட் முன்னாடி, மாமி கதவு இடுக்கு வழியா கை நீட்டி அவ தோளைத் தொட்டு "ஏண்டீ இவ்வளவு நேரம்?"னு கேக்கட்டும். எல்லாரும் சிரிப்பாங்க, தோள் தளரும், அப்புறம் குரல் நிக்கும். கேட் பீப்பிள் (1942) படத்துல இருட்டு ரோட்டுல நடக்கிற பெண் முன்னாடி பஸ் உஸ்ஸுன்னு வந்து நிக்கும் பாருங்க, அந்த உத்தி. ட்ரெய்லருக்கும் ஷாட் கிடைச்சுடும். ஒன்பது நிமிஷப் படத்துல இது ஒண்ணுதான், ரெண்டாவது பொய்ப் பயம் போட்டா நம்பிக்கையே போயிடும்.

நிழல்வெளி:

எனக்கு இதுல முழுச் சம்மதம் இல்லை. மாமி கை பகல் காட்சியில வந்த மாமியோட சேந்து காட்சியைச் சிரிப்புப் பக்கம் சாய்ச்சுடும், அப்புறம் இருபது செகண்ட்ல திரும்பக் கட்டி எழுப்புறது கஷ்டம். குறைஞ்சது நாப்பது செகண்ட் விடுங்க, இல்லைன்னா மாமி குரல் மட்டும் கதவுக்குள்ளேர்ந்து வரட்டும். ரெண்டு மாதிரியும் எடுத்துவெச்சு எடிட்ல முடிவு பண்ணுங்க.

நடிகைக்கு: "பயப்படுங்க"ன்னு சொல்லவே சொல்லாதீங்க. கேளுங்கன்னு மட்டும் சொல்லுங்க, கேக்குறதுக்கு நிஜமா ஒரு சத்தமும் கொடுங்க. மேலே ஒருத்தர் லிஃப்ட் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும், எப்போ மூடுவார்னு அவங்களுக்குச் சொல்ல வேண்டாம். குரல் நின்னதும் மேடைப் பழக்கத்துல முகம் முதல்ல வேலை செய்யும், அதனால ஒரு உடல் வேலை கொடுத்துடுங்க: தோள் பையோட வாரைச் சரிசெய்யறாங்க, கை பாதியில நிக்குது, முகம் திரும்பக் கூடாது. மூச்சு நிக்கட்டும். 85-ல கழுத்துக் குழி தெரியற அளவுக்கு நெருங்கினீங்கன்னா அந்த நின்ன மூச்சே போதும். பார்வை மேலே போறது அஞ்சாறு செகண்ட் கழிச்சு, மோட்டார் ஓடின பிறகு. கண்ணை அகலமாத் திறந்தா டேக்கை அங்கேயே நிறுத்துங்க.

பூம்மைக்:

மாமி விஷயத்தில் நான் நிழல்வெளி பக்கம். கதவுக்குள்ளிருந்து வரும் குரல் என்றால் ஒலியிலேயே முடிந்துவிடும், ஷூட் நேரமும் மிச்சம்.

ரீஷூட் ராத்திரிக்குச் சில குறிப்புகள். லோக்கல் ட்ரெயின் நின்று, விடியலில் முதல் வண்டி கிளம்புவதற்குள் உள்ள நேரமே உங்களுக்கு நல்ல ஒலி கிடைக்கும் நேரம். குரல், ரூம் டோன், 85 ஷாட் எல்லாவற்றையும் அதற்குள் முடியுங்கள். படியேறும் வைட் ஷாட்டுகளை அதற்கு முன்பே எடுத்துவிடலாம், அவற்றுக்குச் செருப்புச் சத்தத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்து மணிக்குக் காக்கா ஆரம்பித்துவிடும், அதன்பின் ஒலி பிடிப்பது வீண். படிக்கட்டை ஒட்டிய வீடுகளில் ஃப்ரிட்ஜை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். அணைத்த வீட்டில் உங்கள் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், போகும்போது மறுபடி போட மறக்க மாட்டீர்கள்.

லிஃப்ட் கதவின் கான்டாக்டை (கதவு மூடியிருக்கிறதா என்று உணரும் சுவிட்ச்) யாராவது டேப் ஒட்டி ஏமாற்றி, திறந்த கதவோடு ஓட்டிப் பார்க்கலாம் என்று யோசனை சொல்வார்கள். கூடவே கூடாது. காலி லிஃப்டைக் கீழே கொண்டுவர, விதிப்படி சொன்ன மாதிரி மேலே ஒருவர் வெளியே நின்று கதவைச் சாத்த, கீழே ஒருவர் பட்டனை அழுத்தினால் போதும். இருவருக்கும் வாக்கி-டாக்கி வேண்டாம், அதன் இரைச்சல் ஷாஃப்டில் கேட்கும். போனை வைப்ரேஷனில் வைத்து ஒரு மிஸ்டுகால் கொடுங்கள்.

பல மணி நேரம் ராத்திரியில் அந்தக் குரல் கத்தினால் சொசைட்டி செயலாளரே பேயாக வந்து நிற்பார். மைக் நகர்த்தும் பதிவுகளை முதலில் ஒரே மூச்சில் முடித்துக்கொண்டு, மற்ற ஷாட்டுகளுக்கு லிஃப்ட் டெக்னீஷியனைக் கூப்பிட்டு அறிவிப்புப் பெட்டியின் இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். குரல் நிற்கும் ஷாட்டுக்கு மட்டும் மறுபடி மாட்டினால் போதும்.